ருடோல்ப் டீசல் (1858 – 1913): ஓர் எஞ்சினின் பெயரான மனிதர்



காலை வேளையில் நாவுலச் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகளும் கெப் வாகனங்களும் ஏ9 வீதி வழியாக மாத்தளையை நோக்கிச் செல்வதைக் காண்பீர்கள். மாத்தளையைத் தாண்டிக் கண்டிக்குச் செல்லும் வழியில் பலகடுவ ஏற்றம் வரும். அங்கே சில வாகனங்கள் இலகுவாக ஏறிவிடுகின்றன. வேறு சில கரும்புகையைக் கக்கியபடி முனகி முனகி ஏறுகின்றன. சுமையும் ஒன்று, ஏற்றமும் ஒன்று. வேறுபாடு எஞ்சினில் இருக்கின்றது.

முனகி ஏறும் கெப்பின் உரிமையாளர் ஒருநாள் கராஜுக்குச் செல்வார். டேர்போ ஒன்று பூட்டித் தாருங்கள் என்பார். டீசல் பம்பைக் கொஞ்சம் கூட்டி விடுங்கள் என்பார். அவர் கேட்பது சரியா, பிழையா? இதற்கு விடை காண வேண்டுமாயின் அந்த எஞ்சினை ஆக்கியவரின் வாழ்க்கையை அறிய வேண்டும். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே எம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது முதலில் ஒரு மனிதரின் பெயராகவே இருந்தது. அவரே ருடோல்ப் டீசல்.

1. பிறப்பும் பிள்ளைப் பருவமும்

ருடோல்ப் டீசல் 1858 மார்ச் 18 ஆம் திகதி பிரான்சின் தலைநகரான பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடோர் புத்தகம் கட்டுபவராகவும் தோற்பொருள் செய்பவராகவும் தொழில் புரிந்தார். தாயின் பெயர் எலிஸ். குடும்பம் வசதியானதன்று. தந்தையின் பட்டறையில் செய்த பொருட்களை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடோல்பின் வேலையாக இருந்தது.

1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டது. பாரிஸில் வாழ்ந்த ஜேர்மனியர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. அங்கும் வறுமை. ஆகவே பன்னிரண்டே வயதான ருடோல்ப், ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் வாழ்ந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைக்கப்பட்டார். போரினால் வீடிழந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளை எமது நாடும் கண்டிருக்கின்றது. அவர்களது மனநிலை எவ்வாறிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த உறவினர் கணித ஆசிரியராக இருந்தமை ருடோல்புக்கு நற்பேறாயிற்று. அவரது வீட்டில் இருந்து கொண்டே ருடோல்ப் தொழிற்கல்விப் பாடசாலையிற் படித்தார். பதினான்கு வயதிலேயே தாம் பொறியியலாளராக விரும்புவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். 1873 இல் பாடசாலைக் கல்வியை முதன்மை மாணவனாக நிறைவு செய்தார். 1875 இல் புலமைப்பரிசில் பெற்று மியூனிக் நகரின் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்தார்.

2. வகுப்பறையில் எழுந்த வினா

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த பேராசிரியர் கார்ல் வொன் லிண்டே என்பவராவார். குளிரூட்டும் இயந்திரத்தை ஆக்குவதிற் புகழ்பெற்றவர் இவர். வெப்பம் எவ்வாறு வேலையாக மாறுகின்றது என்பதை விளக்கிய ஒரு விரிவுரையில், நீராவி எஞ்சினின் குறையை லிண்டே எடுத்துக் காட்டினார். அடுப்பில் இடும் நிலக்கரியின் வெப்பத்திற் பத்தில் ஒரு பங்குகூட அந்த எஞ்சினில் வேலையாக மாறுவதில்லை. எஞ்சியது முழுவதும் புகைபோக்கி வழியாகவும் நீராவியாகவும் வீணாகின்றது.

இதைக் கேட்ட மாணவர்கள் பலர் குறிப்பெழுதிவிட்டு எழுந்து சென்றிருப்பர். டீசலின் மனத்தில் அது வினாவாகத் தங்கியது. வெப்பத்தை இவ்வளவு வீணாக்காத எஞ்சின் ஒன்றைச் செய்ய முடியாதா? அடுத்த இருபது ஆண்டுகள் அவர் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடினார்.

1879 இல் இறுதிப் பரீட்சை நெருங்கிய வேளையில் டீசல் நெருப்புக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டார். தம் வகுப்பினருடன் பரீட்சைக்குத் தோற்ற இயலவில்லை. அடுத்த வாய்ப்பு வரும்வரை வீட்டில் முடங்கியிராமல், சுவிற்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் இருந்த சுல்சர் தொழிற்சாலையிற் செயன்முறைப் பயிற்சி பெற்றார். 1880 இல் பரீட்சைக்குத் தோற்றி மிகச் சிறந்த பெறுபேற்றுடன் தேறினார். விண்டர்தூர் என்னும் இந்த ஊரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

படிப்பை முடித்ததும் பாரிஸுக்குச் சென்று, லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையிற் பணியாற்றினார். 1883 இல் மார்த்தா என்பவரை மணந்தார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர். பகலில் வேலை, இரவில் ஆராய்ச்சி என ஆண்டுகள் கழிந்தன. நீராவிக்குப் பதிலாக அமோனியா ஆவியைப் பயன்படுத்தும் எஞ்சினைச் செய்யப் பல ஆண்டுகள் முயன்றார். அது கைகூடவில்லை. 1890 இல் குடும்பத்துடன் பேர்லின் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

3. தீப்பொறி இல்லாமல் தீ

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். வளியை அமுக்கினால் அது வெப்பமடையும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. மலாயா முதலிய தென்கிழக்காசிய நாடுகளின் மக்கள் இதே உண்மையைக் கொண்டு தீ மூட்டினர். சிறு குழாயொன்றுள் பஞ்சு போன்ற பொருளை வைத்து, தண்டு ஒன்றால் வளியைச் சட்டென அமுக்குவார்கள். உள்ளே இருப்பது தீப்பற்றும். டீசல் தமது மாணவப் பருவத்தில் இத்தகைய தீக்குழாயைக் கண்டிருந்தார் என்பர்.

அமோனியாவைக் கைவிட்ட டீசல் இவ்வழியிற் சிந்தித்தார். அக்காலப் பெற்றோல் எஞ்சினில் வளியும் எரிபொருளும் கலந்தே உருளைக்குட் சென்றன. அக்கலவையை அதிகம் அமுக்க முடியாது. உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துவிடும். ஆகவே வளியை மட்டும் முதலில் உள்ளே எடுத்து, மிகவும் இறுக்கமாக அமுக்க வேண்டும். அப்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசுக்கு மேல் உயரும். அந்தக் கொதிக்கும் வளிக்குள் எரிபொருளைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். தீப்பொறி தேவையில்லை.

1892 பெப்ரவரியில் இவ்வெண்ணத்துக்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். அது அவருக்குக் கிடைத்தது. 1893 இல் தமது கோட்பாட்டை விளக்கும் நூலொன்றையும் வெளியிட்டார். ஆக்ஸ்பேர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் பணமும் பட்டறையும் தர முன்வந்தன.

4. ஆக்ஸ்பேர்க்கில் நான்கு ஆண்டுகள்

காகிதத்திற் சரியாக இருந்த கணக்கு இரும்பிற் சரியாக வரவில்லை. டீசல் தம் நூலிற் குறித்த அமுக்கம் மிகமிக உயர்ந்தது. அக்கால உலோகங்களால் அதைத் தாங்க முடியாது. அவர் தமது கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று. தவறை ஒப்புக்கொண்டு திருத்திய இந்தப் பண்பே அவரது வெற்றியின் முதற் படியாகும்.

1893 ஓகஸ்ட் 10 ஆம் திகதி முதல் எஞ்சின் பரிசோதிக்கப்பட்டது. எரிபொருள் தீப்பற்றியது உண்மை. ஆனால் அமுக்கம் எதிர்பாராத அளவுக்கு உயர்ந்து, அதை அளக்கப் பூட்டியிருந்த கருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர்கள் மயிரிழையில் உயிர் தப்பினர். டீசல் மனம் தளரவில்லை. வளியை அமுக்கித் தீ மூட்டலாம் என்பது அன்று உறுதியாகிவிட்டதல்லவா?

1894 பெப்ரவரி 17 ஆம் திகதி திருத்திய எஞ்சின் முதன்முதலாகத் தன் சொந்த வலுவில் ஓடியது. ஓடியது ஏறத்தாழ ஒரு நிமிடம் மட்டுமே.

எரிபொருளை உள்ளே செலுத்துவதுதான் பெருந் தடையாக இருந்தது. உருளைக்குள் ஏற்கெனவே பெரும் அமுக்கம். அதனை எதிர்த்து, மிகச் சிறிய அளவு எண்ணெயை, மிக நுண்ணிய துளிகளாக, மிகச் சரியான கணத்திற் செலுத்த வேண்டும். அத்தகைய பம்பைச் செய்யும் நுட்பம் அக்காலத்தில் இல்லை. ஆகவே இன்னும் உயர்ந்த அமுக்கமுள்ள வளியைக் கொண்டு எண்ணெயை ஊதித் தள்ளும் முறையை டீசல் கையாண்டார். இதற்குத் தனியாக ஒரு வளியமுக்கி தேவைப்பட்டது. எஞ்சின் ஓடியது, ஆனால் பருமனும் பாரமும் கூடின.

1896 இல் அவர் செய்த இன்னொரு முயற்சி எமக்கு முக்கியமானது. முசலத்தின் கீழ்ப்பக்கத்தையே ஒரு பம்பாகப் பயன்படுத்தி, வளியை முன்கூட்டியே சிறிது அமுக்கி உருளைக்கு அனுப்பிப் பார்த்தார். கூடிய வளி கிடைத்ததால் வலு கூடியது. ஆனால் வளியை அமுக்கும் வேலைக்கு எஞ்சினின் வலுவே செலவானது. எரிபொருட் செலவும் கூடியது. சிக்கனமே தமது குறிக்கோள் என்பதால் டீசல் அதைக் கைவிட்டார். இன்று டேர்போ செய்யும் வேலையை அவர் அன்றே தொட்டுப் பார்த்துவிட்டார் எனலாம். அதற்கான சரியான வழியே அவருக்குக் கிட்டவில்லை.

1897 பெப்ரவரி 17 ஆம் திகதி பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் முன்னிலையில் உத்தியோகபூர்வப் பரிசோதனை நடைபெற்றது. மூன்று மீற்றர் உயரமான அந்த எஞ்சின் ஏறத்தாழ 18 குதிரைவலுவைத் தந்தது. அதன் வினைத்திறன் 26.2 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. நூறு பங்கு வெப்பத்திற் பத்துப் பங்கையே பயன்படுத்திய நீராவி எஞ்சினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்பறையில் எழுந்த வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

5. புகழும் சறுக்கலும்

வெற்றிச் செய்தி பரவியதும் பல நாட்டு நிறுவனங்கள் உரிமையை வாங்க வந்தன. அமெரிக்காவிலிருந்து அடோல்பஸ் புஷ்ஷும், ரஷ்யாவிலிருந்து இமானுவேல் நோபலும் உரிமை பெற்றனர். 1898 இல் தமது உரிமைகளை ஒரு நிறுவனத்துக்கு 35 இலட்சம் மார்க்குக்கு டீசல் கையளித்தார். நாற்பது வயதிற் செல்வந்தரானார்.

ஆனால் அவசரம் ஒரு தவறுக்கு இட்டுச் சென்றது. பரிசோதனைக் கூடத்தில், நிபுணர்களின் கண்காணிப்பில் ஓடிய எஞ்சின், சாதாரணத் தொழிற்சாலையில், சாதாரணத் தொழிலாளர் கையில் ஓடுமா என்று போதியளவு சோதிக்கப்படவில்லை. கெம்ப்டன் நகரின் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 1898 இல் வழங்கப்பட்ட எஞ்சின் அடிக்கடி பழுதுபட்டது. ஆக்ஸ்பேர்க்கில் தொடங்கப்பட்ட தனித் தொழிற்சாலை விற்ற எஞ்சின்கள் வாடிக்கையாளரிடம் ஒழுங்காக ஓடவில்லை. அத்தொழிற்சாலை தோல்வியில் முடிந்தது. வழக்குகளும் குற்றச்சாட்டுகளும் சூழ்ந்தன. டீசல் உடலும் உள்ளமும் சோர்ந்து சிகிச்சை பெற நேர்ந்தது.

இவ்வேளையில் எஞ்சினைக் காப்பாற்றியவர்கள் ஆக்ஸ்பேர்க் பட்டறையின் பொறியியலாளர்களும் தொழிலாளர்களுமே. இமானுவேல் லவுஸ்டர் முதலியோர் வால்வு வால்வாக, குழாய் குழாயாக அதைத் திருத்தி நம்பத்தக்க இயந்திரமாக்கினர். 1900 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் டீசல் எஞ்சினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. போர்க் காலத்தில் அவரது குடும்பம் விட்டு வெளியேறிய அதே நகரம் அது. அக்கண்காட்சியில் ஓர் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது.

தொழிலாளரின் நலனிலும் டீசலுக்கு அக்கறை இருந்தது. தொழிலாளர் தாமே பங்குதாரராகும் சமுதாய அமைப்பொன்றை விளக்கி 1903 இல் நூலொன்று எழுதினார். அதை வாங்கியவர் மிகச் சிலரே.

எஞ்சின் முதலில் மின்னிலையங்களையும் தொழிற்சாலைகளையும் அடைந்தது, பின்னர் கப்பலேறியது. 1912 இல் டென்மார்க்கின் செலண்டியா என்னும் கப்பல் டீசல் எஞ்சின்களின் துணையுடன் கொப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் வரை ஆழ்கடற் பயணம் செய்து உலகை வியக்க வைத்தது. ஆனால் லொறிக்கு ஏற்ற சிறிய டீசல் எஞ்சினைச் செய்ய 1908 அளவில் அவர் எடுத்த முயற்சி பயன் தரவில்லை. பாரமான வளியமுக்கியைச் சிறிய வாகனத்திற் சுமக்க முடியவில்லை. வீதியில் ஓடும் டீசல் லொறியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

6. இறுதிப் பயணம்

மியூனிக்கில் டீசல் மாளிகை போன்ற வீட்டைக் கட்டினார். எண்ணெய் வயல்களிலும் நிலம் வாங்கி விற்பதிலும் பணத்தை முடக்கினார். எஞ்சினின் ஒவ்வொரு துளி எண்ணெய்க்கும் கணக்குப் பார்த்த மனிதர், தமது பணத்துக்கு அவ்வாறு கணக்குப் பார்க்கவில்லை. செலவு வரவை மிஞ்சியது. கடன் வளர்ந்தது. வெளியுலகுக்கு அவர் செல்வந்தராகவே தோன்றினார்.

1913 செப்டெம்பர் 29 ஆம் திகதி மாலை, இங்கிலாந்தில் நடைபெறவிருந்த நிறுவனக் கூட்டமொன்றுக்காகப் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறினார். நண்பர் இருவருடன் இரவுணவு உண்டார். காலையில் எழுப்பும்படி சொல்லிவிட்டுப் பத்து மணியளவில் தம் அறைக்குச் சென்றார். மறுநாட் காலை அறையில் அவர் இல்லை. கட்டிலிற் படுத்த அடையாளமும் இல்லை. அவரது தொப்பியும் மேலங்கியும் கப்பலின் மேற்தளத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சில நாட்களின் பின்னர் கடலில் ஓர் உடலைக் கண்ட டச்சுப் படகினர் அதன் பைகளிலிருந்த பொருட்களை எடுத்து வந்தனர். அவை தம் தந்தையுடையவை என மகன் ஒயிகன் அடையாளம் காட்டினார். டீசலுக்கு வயது 55. தாமே உயிரை மாய்த்தாரா, விபத்தா, வேறெவரேனும் செய்த சதியா என்பதற்கு இன்றுவரை முடிவான சான்று இல்லை. கடன் சுமையே காரணம் எனப் பலர் கருதுகின்றனர். சுமையை ஒருவருக்கும் சொல்லாமல் தனித்துச் சுமந்தார் என்பது மட்டும் தெளிவு. மனச்சுமை மிகும்போது நம்பிக்கையான ஒருவரிடம் வாய்திறந்து சொல்வது கோழைத்தனமன்று என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

7. அவர் விட்டுச்சென்ற இரண்டு வேலைகள்

டீசல் முடிக்காமல் விட்ட வேலைகள் இரண்டு. ஒன்று எரிபொருளைச் செலுத்துவது. மற்றையது வளியைக் கூட்டுவது.

முதலாவது வேலையைப் பலர் சேர்ந்து முடித்தனர். ஜேர்மனியின் பென்ஸ் நிறுவனம் 1923 இலும், மான் நிறுவனம் 1924 இலும் டீசல் லொறிகளை உருவாக்கின. ரொபேர்ட் பொஷ்ஷின் நிறுவனம் 1922 இல் முயற்சியைத் தொடங்கி, 1927 இல் உயரமுக்க டீசல் பம்பைத் தொகையாக உற்பத்தி செய்யலாயிற்று. பாரமான வளியமுக்கி இனித் தேவைப்படவில்லை. டீசல் எஞ்சின் வீதிக்கு வந்தது. 1990களில் கொமன் ரெயில் முறை வந்தது. இதில் எல்லா உருளைகளுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசல் உயர் அமுக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். எப்போது, எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கும்.

இரண்டாவது வேலையை முடித்தவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பியூகி. அவர் பிறந்த ஊர் விண்டர்தூர். பிறந்த ஆண்டு 1879. இளைஞன் டீசல் சுல்சர் தொழிற்சாலையிற் பயிற்சி பெற்ற அதே ஊர், அதே ஆண்டு! பியூகியும் பின்னர் சுல்சரிற் பணியாற்றினார். டீசலின் 1896 ஆம் ஆண்டு முயற்சியில் வளியை அமுக்க எஞ்சினின் வலுவே செலவானதல்லவா? பியூகி வேறு வழி கண்டார். எரிபொருள் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சைலென்சர் வழியாக வீணே வெளியேறுகின்றது. அந்தச் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சுழலியைச் சுற்றினால், அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு வளியை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். 1905 இல் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். இருபது ஆண்டுகள் உழைத்த பின்னர், 1920களில் இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களில் அவரது முறை பயன்பட்டது. அவற்றின் எஞ்சின் வலு 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500 ஆக உயர்ந்தது. இதுவே இன்று நாம் டேர்போ என்று அழைப்பது.

8. எமது ஊர்க் கெப் வாகனத்துக்கு வருவோம்

இப்போது முதலிற் கேட்ட வினாவுக்கு விடை கூறலாம். ஒரு லீற்றர் டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 10,000 லீற்றர் வளி தேவை. கலைப் பட்டதாரியான எனக்கு இக்கணக்கின் பொருளை விளங்க வைத்தவர் கையில் ஒயில் படிந்த ஒரு கராஜ் பாஸ்தான். எஞ்சின் என்பது சோற்றுப் பானையன்று, அடுப்பு என்றார் அவர். விறகை மட்டும் கூட்டித் திணித்தால் அடுப்பு எரியாது, புகையும்.

பம்பைத் திருகி டீசலை மட்டும் கூட்டினால் நிகழ்வது இதுவே. எரிவதற்கு வளி போதாது. கரும்புகை வரும். புகைபோக்கிப் பக்கம் அளவுக்கு மீறிச் சூடேறும். காலப்போக்கில் முசலம் உருகவும் கூடும். பலகடுவ ஏற்றத்திற் காணும் கரும்புகை, எரியாமற் போன பணமேயாகும். 2022 இல் ஒரு கேன் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

டேர்போவை மட்டும் பூட்டி எரிபொருளைக் கூட்டாவிட்டால் புகை குறையும். ஆனால் எதிர்பார்த்த வலு வராது. ஆகவே வளியும் எரிபொருளும் சேர்ந்தே கூட வேண்டும். அத்துடன் அவற்றைத் தாங்கும் உடலும் உறுதியாக வேண்டும். அமுக்கிய வளி சூடாக இருக்கும். அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் தேவை. டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேற் சுழலக் கூடியது. அதற்குச் சுத்தமான ஒயில் தடையின்றிச் செல்ல வேண்டும். உருளையின் அமுக்கம் கூடும்போது ஹெட் கஸ்கட், முசலம், கிளச் ஆகியவையும் அதைத் தாங்க வேண்டும். கம்பனியிலேயே டேர்போவுடன் வந்த எஞ்சினில் இவையெல்லாம் அதற்கேற்ப உறுதியாகச் செய்யப்பட்டிருக்கும். டேர்போ இல்லாமல் வந்த எஞ்சினில் அவ்வாறிராது.

எனவே நல்ல பாஸ் ஒருவர் பின்பற்றும் ஒழுங்கு பின்வருமாறு அமையும்:

(அ) வளி வடியையும் டீசல் வடியையும் மாற்றி, நொசில்களைச் சோதித்து, ஒவ்வோர் உருளையின் அமுக்கத்தையும் அளந்து பார்த்தல். பல வாகனங்கள் இத்துடனேயே இழந்த வலுவைத் திரும்பப் பெறும்.
(ஆ) எஞ்சின் பலமாக இருந்தால் மட்டும், அதன் கொள்ளளவுக்கு ஏற்ற டேர்போவைத் தெரிவு செய்தல். பெரியதே சிறந்தது என எண்ணுதல் தவறு. பெரிய டேர்போ மெதுவாகவே சுற்றத் தொடங்கும்.
(இ) இன்டர்கூலரையும் ஒயில் குழாய்களையும் பூட்டுதல்.
(ஈ) வளியமுக்கத்தையும் புகை வெப்பத்தையும் காட்டும் மானிகளைப் பூட்டுதல்.
(உ) மானிகளைப் பார்த்தபடி, புகை வராத எல்லைவரை மட்டும், எரிபொருளைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல்.

கொமன் ரெயில் வாகனங்களில் திருகாணி வேலை இல்லை. உரிய கணினிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். அவற்றின் நொசில் துளைகள் மிக நுண்ணியவை. டீசலிற் கலந்த சிறிதளவு நீரோ தூசோ போதும், அவை பழுதுபட. இன்னொன்று: கடும் ஏற்றம் ஏறி வந்தவுடன் டேர்போ வாகனத்தைச் சட்டென நிறுத்தக் கூடாது. ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டால், சூடேறிய தண்டை ஒயில் குளிரச் செய்யும்.

9. அவர் வாழ்க்கை உணர்த்துவது

டீசலின் வாழ்க்கையையும் அவரது எஞ்சினையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். ஒரு பகுதியை மட்டும் கூட்டினால் மற்றப் பகுதி உடையும். வளிக்கேற்ற எரிபொருள், எரிபொருளுக்கேற்ற வளி, இரண்டையும் தாங்கும் உருளை என எல்லாம் பொருந்திய நாளிலே அவரது எஞ்சின் வென்றது. சோதித்து முடிக்குமுன் சந்தைக்கு விரைந்தபோது அது தோற்றது. வரவைக் கடந்து செலவு ஓடியபோது அவரது வாழ்வு இடறியது.

மற்றுமோர் உண்மையும் உண்டு. பேராசிரியரின் விரிவுரை இல்லாமல் இந்த எஞ்சின் பிறந்திருக்காது. ஆக்ஸ்பேர்க் பட்டறைத் தொழிலாளர் இல்லாமல் அது பிழைத்திருக்காது. சாதாரண தரப் பரீட்சையின் பின்னர் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் நண்பனை, படிப்பு வராதவன் என ஏளனம் செய்யும் வழக்கம் எம்மிடையே உண்டு. அது பெருந் தவறு. வெப்பம் வேலையாக மாறும் விதி தெரிந்த கையும், நொசிலைச் சோதிக்கத் தெரிந்த அறிவும் ஒருவரிடமே அமையுமானால், அவரைத் தேடி வாகனங்கள் தாமாகவே வரும். புத்தகத்தையும் பட்டறையையும் ஒருசேர மதித்த டீசல், பரீட்சைக்குக் காத்திருந்த நாட்களிலே தொழிற்சாலைக்குச் சென்றதை மறவாதீர்கள்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1858 – பாரிஸில் பிறப்பு
1870 – போர், ஆக்ஸ்பேர்க் செல்லுதல்
1880 – மியூனிக்கிற் பட்டப்படிப்பு நிறைவு
1892 – ஆக்கவுரிமைக்கு விண்ணப்பம்
1894 – எஞ்சின் முதன்முதல் தானாக ஓடியமை
1897 – உத்தியோகபூர்வப் பரிசோதனை, வினைத்திறன் 26.2 சதவீதம்
1905 – பியூகி ஆக்கவுரிமை பெறுதல்
1913 – டீசல் மறைவு
1927 – பொஷ் பம்பின் தொகை உற்பத்தி

மீட்டல் வினாக்கள்

1. நீராவி எஞ்சினின் எந்தக் குறை டீசலைச் சிந்திக்க வைத்தது?
2. தீப்பொறியின்றி டீசல் எஞ்சினில் எரிபொருள் பற்றிக்கொள்வது எவ்வாறு?
3. 1896 இல் டீசல் செய்த முயற்சிக்கும் பியூகியின் டேர்போவுக்கும் இடையிலான முக்கிய வேறுபாடு யாது?
4. பம்பைத் திருகி எரிபொருளை மட்டும் கூட்டுவதால் ஏற்படும் தீமைகள் மூன்று தருக.
5. 1898 இல் டீசலின் எஞ்சின்கள் வாடிக்கையாளரிடம் தோல்வியுற்றமைக்குக் காரணம் யாது? அதிலிருந்து நீர் கற்றுக்கொள்ளும் பாடத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
6. உமது ஊரில் வாகனம் திருத்துபவர் ஒருவரின் ஒருநாள் வேலையை அவதானித்து, 150 சொற்களுக்குக் குறையாமல் கட்டுரை ஒன்று வரைக.